பெர்னதெத் பார்த்தது

பெர்னதெத்துக்குப் பிறவியிலேயே பயந்த சுபாவம். சின்ன வயதில் பக்கத்து வீட்டில் தீபாவளிக்கு வெடி போட்டால் இவள் கட்டிலுக்கடியில் கிடப்பாள். புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவள், கடற்கரைச் சாலைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறாள். கரையோரக் கருங்கற்களைத் தாண்டிக் கடல் பக்கம் ஒரு அடி வைத்ததில்லை. கல்யாணத்தன்று கோயிலில் சாமியார் "சம்மதமா?" என்று கேட்டபோது குரலே வரவில்லை. பெண்ணுக்கு விருப்பமில்லையோ என்று மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை ஸ்தனிஸ்லாஸ்தான் அவள் பக்கம் குனிந்து, "பரவால்ல, மெதுவா சொல்லு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரோடு இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்திவிட்டதாகப் பின்னாளில் சொல்வாள்.

ஸ்தனிஸ்லாஸ் பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடிய பிறகு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். முதலியார்பேட்டையில் அவர்கள் வீட்டின் முன்னறை தெருவைப் பார்த்திருந்தது. அதில் ஒரு ஜெராக்ஸ் மிஷினைப் போட்டு பெர்னதெத் உட்கார்ந்தாள். ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட் என்று எதை நீட்டினாலும் கோணாமல் வைத்து எடுத்துக் கொடுப்பாள். தெருவே அவளை 'பெர்னாக்கா' என்றது. ஒரே மகள் நிர்மலா, கோரிமேட்டுப் பக்கம் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

பெர்னதெத் பூசை தவறாதவள். கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு, கையில் எந்நேரமும் ஜெபமாலை. ஆனால் அவளுடைய ஜெபமெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். மகள் போகும் பஸ் கவிழக் கூடாது, வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறக் கூடாது, மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வரக் கூடாது. மாதாவிடம் அவள் கேட்டதெல்லாம் வீட்டைச் சுற்றி ஒரு வேலி. அந்த வேலிக்குள் எதுவும் வராது என்று நம்பினாள்.

கோயிலில் அவளுக்கென்று ஒரு சின்ன வேலை உண்டு. பெரிய வெள்ளிக்கிழமையன்று ஆண்டவருடைய சிலுவைப் பாடுகளை ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்து வாசிப்பார்கள். சேவல் கூவுமுன் மூன்று தடவை ஆண்டவரைத் தெரியாது என்று சொன்ன பேதுருவைப் பழைய ஆட்கள் இராயப்பர் என்பார்கள். அவரைப் பார்த்து, நீயும் அந்த மனுஷனோடு இருந்தவன்தானே என்று கேட்கும் வேலைக்காரப் பெண்ணின் வரி பெர்னதெத்துக்கு. பதினெட்டு வருஷமாக அந்த ஒரே வரி. அதற்கே முதல் நாள் சோறு இறங்காது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று, பொங்கல் கழிந்து நான்கு நாள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஆட்டோ ஓட்டும் மதிவாணன் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். முப்பத்தைந்து வயது, வீடு சாரத்தில். முதலியார்பேட்டை ஸ்டாண்டில்தான் வண்டி போடுவான். பள்ளிக்கூட வாசலில் கஞ்சாப் பொட்டலம் விற்றவன் ஒருவனை ஒரு மாதத்துக்கு முன்பு சட்டையைப் பிடித்து இழுத்துப் போய் போலீசில் விட்டவன் அவன். தெருவில் அவனுக்கு அதனால் ஒரு மரியாதை.

"அக்கா, இன்சூரன்ஸ் பேப்பரு. ரெண்டு காப்பி போடுங்க. சில்லறை வண்டில கெடக்குது, எடுத்தாந்துர்றேன்."

பெர்னதெத் தாளை வைத்து மூடி, பொத்தானை அழுத்தினாள். தலையை நிமிர்த்தியபோது ஒரு மோட்டார் சைக்கிள் ஆட்டோவை ஒட்டி வந்து நின்றது. இரண்டு பேர். பின்னால் இருந்தவன் இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினான். சிலம்பரசன். அந்தக் கஞ்சாக் கூட்டத்து ஆள், அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். தன் ஜாமீன் காகிதங்களை நகலெடுக்க அவன் இந்தக் கடைக்குத்தான் வருவான். முதுகுப் பக்கம் சட்டைக்குள்ளிருந்து அவன் எதையோ உருவினான். வெயிலில் அது பளிச்சென்றது.

மதிவாணன் பார்த்துவிட்டான். கடையை நோக்கி ஓடி வந்தான். இரண்டே எட்டுத் தூரம்.

"அக்கா!"

பெர்னதெத் ஷட்டரை இழுத்து விட்டாள்.

யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போய்க் கொக்கியைப் பிடித்து இழுத்தது. இரும்பு தடதடவென்று இறங்கித் தரையில் மோதியது. வெளியிலிருந்து ஷட்டரின் மேல் ஒரு அடி விழுந்தது. உள்ளங்கையால் தட்டுவது போல. அப்புறம் இன்னொன்று. பிறகு கேட்டவை தட்டும் சத்தங்கள் அல்ல. அவள் மிஷினுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். மோட்டார் சைக்கிள் போய்விட்டது. தெருவில் யாரோ அலறினார்கள். மிஷினின் தட்டில் இரண்டு நகல்களும் சூடாக வந்து விழுந்திருந்தன.

மதிவாணன் அங்கேயே செத்துப் போனான்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் விஜயராகவன் வந்தார். தெருமுனைக் கேமரா இரண்டு மாதமாக வேலை செய்யவில்லை. எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள் எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்ததாகச் சொல்லிவிட்டார்கள்.

"உங்க கடை வாசல்லதாம்மா நடந்திருக்கு. எதுனா பாத்தீங்களா?"

"இல்ல சார். கடைய சாத்திட்டு உள்ள தூங்கிட்டிருந்தேன்."

"சத்தம் கூட கேக்கலியா?"

"ஃபேன் ஓடிக்கிட்டிருந்துச்சி சார்."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். எழுதிக்கொண்டு போனார். அவர் போன பிறகு பெர்னதெத் அந்த இன்சூரன்ஸ் தாளையும் இரண்டு நகல்களையும் எடுத்து, வெள்ளைத்தாள் கட்டுகளுக்கு அடியில் செருகினாள். அவசரத்தில் ஒரு கட்டு சரிந்து தரையெல்லாம் தாளாகப் பரவியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மதிவாணனின் மனைவி தாமரைச்செல்வி வந்தாள். துணிக்கடையில் விற்பனை வேலை செய்கிறவள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"அக்கா, அவுரு வண்டி பேப்பர காப்பி எடுக்கணும்னு சொல்லிட்டுதான் பொறப்பட்டாரு. வண்டில பேப்பரக் காணோம். உங்க கடைக்கு வந்தாராக்கா?"

பெர்னதெத்தின் பார்வை வெள்ளைத்தாள் கட்டுகளுக்குப் போய்த் திரும்பியது.

"வரலியேம்மா."

"நீங்க எதையும் பாக்கலியா? ஒரு முகம், ஒரு வண்டி நம்பரு... எதுனாச்சும்?"

"நான் உள்ள இருந்தேம்மா. எதையும் பாக்கல."

தாமரைச்செல்வி கிளம்பும்போது பாதி இறக்கியிருந்த கடை ஷட்டரைத் தொட்டுப் பார்த்தாள். தட்டிய இடத்தில் ஒரு சின்ன நெளிவு இருந்தது. அங்கேயே அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் நிர்மலா கேட்டாள். "அம்மா, நெசமாவே நீ பாக்கலியா?"

"பாக்கலன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று கத்தினாள் பெர்னதெத். நிர்மலா அதற்கப்புறம் கேட்கவில்லை.

சந்தேகத்தின் பேரில் போலீஸ் சிலம்பரசனைப் பிடித்து வைத்திருந்தது. சாட்சி இல்லாமல் அந்த வழக்கு நிற்காது என்று ஊருக்கே தெரியும். மாசி மாதத்தில் ஒரு நாள் காலை அவனுடைய அண்ணன் கலைவாணன் கடைக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், பேச்சில் அவ்வளவு பணிவு.

"அக்கா, இத ஒரு காப்பி எடுத்துக் குடுங்க."

ஒரு வெள்ளைத் தாளை நீட்டினான். பெர்னதெத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

"இதுல ஒண்ணும் இல்லியே தம்பி."

"ஒண்ணும் இல்லாம இருக்கறதுதாங்க்கா எல்லாருக்கும் நல்லது. எடுங்க."

அவள் எடுத்தாள். வெள்ளைத் தாளின் நகலாக இன்னொரு வெள்ளைத் தாள் வந்தது. அவன் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு ரூபாய் நாணயத்தை மேஜையில் வைத்தான்.

"பாப்பா கோரிமேட்டுக்கு எட்டே கால் பஸ்ஸுலதான போவுது? எப்பவும் முன்பக்கப் படியாண்ட நிக்குது. பாத்து போவச் சொல்லுங்க. கூட்டம் ஜாஸ்தி."

அவன் போய் வெகுநேரம் பெர்னதெத் எழுந்திருக்கவில்லை. மறுநாளிலிருந்து மகளை பஸ் ஸ்டாப்புவரை கொண்டுபோய் விட்டாள். பஸ் கண்ணிலிருந்து மறையும்வரை நிற்பாள். எட்டே முக்காலுக்கு போன் செய்வாள். மகள் எடுக்க இரண்டு நிமிஷம் தாமதமானால் திரும்பத் திரும்ப அடிப்பாள். கடை வாசலில் எந்த மோட்டார் சைக்கிள் நின்றாலும் கை ஷட்டர் கொக்கிக்குப் போகும். எடை ஏழு கிலோ குறைந்தது. ஜெபமாலை உருட்டும்போது மங்கள வார்த்தை ஜெபம் பாதியில் அறுந்து, அந்த "அக்கா!" காதில் விழும். தான் கட்டிய வேலிக்குள் ஒருவன் ஓடி வந்தான், தானே படலைச் சாத்தினோம் என்ற நினைப்பு அவளைத் தின்றது. அதைவிடப் பெரிய நினைப்பு, சொன்னால் நிர்மலாவை என்ன செய்வார்களோ என்பது. இரண்டுக்கும் நடுவில் அவள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு வழிபாடு. அதே மூன்று மணி. வெயிலில் கோயில் கதவுகளையெல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் நினைத்திருந்தாள். அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. பாடகர் குழுவில் தடித்த குரலுள்ள ஒரு பெரியவர் இராயப்பராக நின்றார். பெர்னதெத்தின் முறை வந்தது. ஒலிபெருக்கியின் முன்னால் போய் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

இல்லை என்றார் பெரியவர்.

பதினெட்டு வருஷமாகக் கேட்ட பதில். இந்தத் தடவை அது அவள் குரலிலேயே அவள் காதில் விழுந்தது. தூங்கிட்டிருந்தேன் சார். வரலியேம்மா. எத்தினி வாட்டி சொல்றது. போலீசிடம் ஒன்று, தாலி அறுத்தவளிடம் ஒன்று, பெற்ற மகளிடம் ஒன்று. அவள் தன் இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். வாசிப்பு தொடர்ந்தது. சேவல் கூவியது. ஆண்டவரைக் கொண்டுபோனார்கள். ஆண்டவர் உயிர் விட்ட இடம் வந்து எல்லோரும் முழந்தாளிட்டபோதுதான் அவளும் விழுந்தாள்.

வழிபாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு பங்குச்சாமியைத் தேடிப் போனாள். விழுப்புரம் பக்கத்து ஆள், முப்பது வயதுகூட ஆகாத சின்னச் சாமியார். பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்தார். பெர்னதெத் ஷட்டரிலிருந்து ஆரம்பித்தாள். சொல்லி முடிக்க அரைமணி ஆனது. முடித்தபோது சாமியாரின் முகமும் வெளுத்திருந்தது.

"நான் இப்ப என்ன பண்ணணும் சாமி? போயி சொல்லணுமா?"

"போங்கன்னு சொல்ல எனக்கு நாக்கு வரலம்மா. பஸ்ஸுல போறது எம் பொண்ணு இல்ல. நான் இங்க உக்காந்துகிட்டு உங்களுக்குத் தைரியம் சொல்றது சுலபம்."

"எனக்கு ரொம்பப் பயமா இருக்குது சாமி."

"ஆண்டவருக்கும் இருந்துச்சிம்மா. சாவுறதுக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல வேர்வை ரத்தமா வடிஞ்ச ஆளுதான அவரு? பயப்படாதேன்னு நான் சொல்லல. பயத்தோட தனியாப் போகாதீங்க. அவரையும் கூட்டிட்டுப் போங்க. போறதா இருந்தா."

வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. மன்னிப்புக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரையும் மகளையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ஷட்டரைப் பற்றிச் சொல்லும்போது அவர்களுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஸ்தனிஸ்லாஸ் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். "வேணாம் பெர்னா. செத்தவன் செத்துட்டான். நம்ம ஒரு புள்ளய வச்சிருக்கோம்."

நிர்மலா எழுந்து நின்றாள். "அந்தாளு என் பஸ்ஸு டயம் வரைக்கும் சொல்லிட்டுப் போயிருக்கான், ரெண்டு மாசமா எங்கிட்ட சொல்லல. இப்ப போலீசுக்குப் போறேன்றே. உனக்குப் புண்ணியம், எனக்குக் கத்தியா? என்னைக் கேட்டியாம்மா?"

"இப்ப கேக்கறேன்."

"வேணாம்றேன். போதுமா?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் அழுவது கேட்டது. பெர்னதெத்துக்கு அந்தக் கணமே எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றிருந்தது. விட்டும்விட்டாள். மாதா படத்துக்கு முன்னால் போய், "என்னால முடியாதும்மா, நான் பயந்தாங்கொள்ளி, உனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

விடிந்து எழுந்தபோது பயம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் வெள்ளைத்தாள் கட்டுகளை நகர்த்தி அந்த இன்சூரன்ஸ் தாளை எடுத்து ஒரு பையில் வைத்தாள். எப்படி எடுத்தாள் என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. "தைரியம் வந்துச்சின்னு நெனைக்காதீங்க. அதெல்லாம் வரல. பின்னாலேந்து யாரோ தோளத் தொட்ட மாதிரி இருந்துச்சி. நடந்தேன்" என்பாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஸ்தனிஸ்லாஸ் ஏற்கெனவே தன் பழைய மொபெட்டை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தார்.

"எனக்குப் புடிக்கல. ஆனா தனியா எப்படிப் போவே? உக்காரு" என்றார்.

சாரத்தில் தாமரைச்செல்வியின் வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. வாசலில் மதிவாணனின் ஆட்டோ தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. பெர்னதெத் உள்ளே போய் உட்காராமல் நின்றபடியே தாளை நீட்டினாள்.

"கடைக்கு வந்தாரும்மா. நான் பொய் சொன்னேன். சிலம்பரசன என் கண்ணால பாத்தேன். உம் புருஷன் என்னை அக்கான்னு கூப்புட்டுக்கிட்டு ஓடி வந்தாரு. நான்... நான் ஷட்டர இழுத்து உட்டுட்டேன்."

தாமரைச்செல்வி தாளை வாங்கி அதில் எழுதியிருந்த பெயரை விரலால் தடவினாள்.

"ஷட்டர்ல அந்த நெளிவு உள்ளங்கை அளவு இருந்துச்சி. அன்னிக்கே தெரியுங்க்கா. நீங்களா சொல்லுவீங்களான்னு பாத்தேன். அவுரு போயி எம்பது நாளு ஆச்சி."

"என்னை மன்னிச்சிடும்மா."

"அது இப்ப வராதுக்கா. வந்தா சொல்றேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போலீசுல சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை பெர்னதெத் இன்ஸ்பெக்டர் விஜயராகவன் முன்னால் உட்கார்ந்தாள். முதலில் சொன்னதை மாற்றினால் தன்மேலேயே வழக்கு வருமோ என்ற பயம் வேறு. அவர் தண்ணீர் கொடுத்தார். பிறகு நீதிபதி முன்னாலும் கொண்டுபோய் வாக்குமூலம் வாங்கினார்கள். கையெழுத்துப் போடும்போது பேனா மூன்று தடவை கைநழுவியது.

நிர்மலா மறுவாரமே விடுதிக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் அம்மாவோடு பேசவில்லை. வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. முதல் ஒரு மாதம் ஒரு காவலர் கடைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் போன பிறகு அந்த இடத்தில் கலைவாணனின் மோட்டார் சைக்கிள் நின்றது. தினமும் நான்கு மணிக்கு வருவான், வண்டியின் மேல் உட்கார்ந்து டீ குடிப்பான். எதுவும் சொல்லமாட்டான். அவளைப் பார்ப்பான், ஐந்து மணிக்குப் போவான். இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள், ரோட்டில் டீ குடிக்கிறவனை என்னவென்று பிடிப்பது என்றார் அவர். இரண்டு ஆள் அனுப்பி எச்சரித்தபின் பத்து நாள் வரவில்லை. பிறகு மறுபடி வந்தான். கடைக்கு வருகிற கூட்டம் குறைந்தது. தெரிந்தவர்களே, "உனக்கு எதுக்கு பெர்னா இந்த வேலை?" என்று தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

பல நாள் மூன்றரை மணிக்கே பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து உட்கார்வாள். ஆனால் ஷட்டரைச் சாத்தவில்லை. அது ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். அந்த நாட்களில் அவளுடைய ஜெபம் மாறிப் போனது. இது நடக்கக் கூடாது, அது நடக்கக் கூடாது என்று கேட்பதை எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. அவ்வளவு நீளமாக ஜெபிக்க மூச்சும் இல்லை. "கூட இருங்க ஆண்டவரே" என்ற மூன்றே வார்த்தை. நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஆரம்பிப்பாள். ஐந்து மணிவரை அதே மூன்று வார்த்தை. பயம் போய்விடவில்லை. பயத்துக்குப் பக்கத்தில் வேறு ஒருவரும் உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் சில நாள் தெரியும். சில நாள் அதுவும் தெரியாது, அப்போதும் சொல்வாள்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து ஆடி மாதம் சாட்சிக் கூண்டில் ஏறினாள். எதிரே பத்தடி தூரத்தில் சிலம்பரசன். பின்னால் பெஞ்சில் கலைவாணன். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொன்னாள். குரல் கேட்கவில்லை, சத்தமாகப் பேசுங்கள் என்று நீதிபதி இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"சம்பவத்தன்னிக்கு, தூங்கிட்டிருந்தேன்னு போலீசுல சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேன்யா."

"இப்ப பாத்தேன்றீங்க. எது பொய்?"

"அப்ப சொன்னதுதாங்கய்யா பொய்யி. பயந்துகிட்டு சொன்ன பொய்யி."

"ஷட்டர் மூடியிருந்துச்சின்னு மத்த சாட்சிங்க சொல்றாங்க. மூடின ஷட்டருக்கு உள்ளேந்து எப்படிம்மா முகத்தப் பாத்தீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று அரசு வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். இருந்தும் பெர்னதெத்தின் கண் பெஞ்சுகள் பக்கம் போனது. தாமரைச்செல்வி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெர்னதெத் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உதடு அசையாமல் அந்த மூன்று வார்த்தையைச் சொன்னாள்.

"முகத்தப் பாக்கும்போது ஷட்டர் தொறந்துதாங்கய்யா இருந்துச்சி. அவன் ஹெல்மெட்ட கழட்டுனான், கத்திய எடுத்தான், பாத்தேன். அந்தத் தம்பி என்னை அக்கான்னு கூப்புட்டுக்கிட்டு ஓடி வந்தாரு. அப்பறந்தான் நான் ஷட்டர மூடுனேன். அவுரு வெளிய நின்னு தட்டுனாரு. நான் தொறக்கல. நான் தொறந்திருந்தா ஒருவேளை அவுரு இருந்திருப்பாரு." குரல் உடைந்தது, ஆனாலும் கடைசி வரிசைவரை கேட்டது. "இத நான் எதுக்கய்யா பொய்யா சொல்லணும்?"

வக்கீல் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். "இப்ப பயம் போயிடுச்சா உங்களுக்கு?"

"இல்லீங்கய்யா. இப்பவும் கால் நடுங்குது. பாருங்க."

வேறு கேள்வி இல்லை என்று அவர் உட்கார்ந்தார்.

வெளியே வராந்தாவில் ஸ்தனிஸ்லாஸ் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். அவர் பக்கத்தில் நிர்மலா, நர்ஸ் சீருடையோடு. வேலைக்கு நடுவில் அனுமதி கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து நாடி பார்ப்பது போல மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டாள். எடுக்கவே இல்லை. தாமரைச்செல்வி அவர்களைத் தாண்டிப் போகும்போது நின்றாள். "வரேங்க்கா" என்றாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, பெர்னதெத்தும் எதிர்பார்க்கவில்லை.

ஐப்பசியில் தீர்ப்பு வந்தது. சிலம்பரசனுக்கு ஆயுள் தண்டனை. வண்டி ஓட்டியவனுக்கும் அதுவே. கலைவாணன் மேல் எந்த வழக்கும் இல்லை. அவன் இப்போதும் அந்தத் தெருவில் போகிறான், வருகிறான். டீ குடிக்க மட்டும் நிற்பதில்லை. அவன் வண்டிச் சத்தம் கேட்டால் பெர்னதெத்துக்கு இப்போதும் நெஞ்சு ஒரு தடவை தூக்கிப் போடுகிறது.

தீர்ப்பன்று சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை சொன்னார்கள். முடிவில் வழக்கம்போல ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வேண்டிக்கொண்டாள் பெர்னதெத். செத்துப்போன மதிவாணன், தாமரைச்செல்வி, இன்ஸ்பெக்டர், பங்குச்சாமி. பிறகு கொஞ்சம் நிறுத்தினாள். "சிலம்பரசன்" என்றாள்.

ஸ்தனிஸ்லாஸ் கண்ணைத் திறந்து பார்த்தார். "அவனுக்குமா?"

"அவன் பேரச் சொல்லும்போதுதாங்க எனக்கு இன்னும் ஒதறல் எடுக்குது. சொல்லிச் சொல்லித்தான் போவணும். அவனுக்கும் யாராச்சும் வேண்டிக்கணுமில்ல."

"ஆமென்" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

நிர்மலா உடனே சொல்லவில்லை. கையில் இருந்த ஜெபமாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெர்னதெத் காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. தெருவில் ஒரு வண்டி போய் அதன் சத்தம் முழுக்க அடங்கிய பிறகு, மெல்லிய குரலில் மகளும் ஆமென் சொன்னாள்.